பார்சலில் பெக் மெஷரும் இருக்கிறது

கருங்கல்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகனே,

பார்சல் வெள்ளிக்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து போய்விட்டது. கருப்பட்டி 2 கிலோ, அண்டிப்பருப்பு 1 கிலோ, அம்மை இடித்த மிளகாய்ப்பொடி, சின்னவளின் கால் பதித்த காகிதம் ஒன்று. கருப்பட்டியை வந்தவுடன் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடு, உங்கள் ஊர் ஈரத்துக்கு இளகிவிடும். அடியில் துணியில் சுற்றி ஒரு சாமான் வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாலு விஸ்கியை வீட்டில் வைத்து எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடும்போது இங்கே இரவு பதினொன்றரை, பேச்சும் பாதியில் நின்றுவிடுகிறது. நாலு ஞாயிறாய் அந்தப் போனும் இல்லை. அதனால் எழுதுகிறேன். கப்பல் பாரில் 19 வருஷம் நின்றவன் சொல்வதென்று எடுத்துக்கொள்.

முதலில் கிளாஸ். படத்தில் நீ வைத்திருப்பது அகலவாய் டம்ளர். அதில் மணம் நிற்காது, பறந்துவிடும். அடி உருண்டு வாய் குறுகிய துலிப் கிளாஸ் நாலு வாங்கு, எல்லாம் ஒரே அளவில். சோப்பு போடாமல் சூடு தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வை. துண்டால் துடைத்தால் துண்டின் வாடை ஒட்டிக்கொள்ளும். மீன் பொரித்த அன்றைக்கு இந்த வேலையே வேண்டாம்.

ஒரு கிளாஸுக்கு 15 மில்லி போதும். நாலுக்கும் சேர்த்து 60, ஒரு லார்ஜ். அதோடு நிறுத்து. அதற்கு மேலே நாக்கு மரத்துவிடும், ஐந்தாவது கிளாஸுக்கு எழுதுகிற குறிப்பெல்லாம் நாலாவதின் மிச்சம்தான். இருமல் சிரப் பாட்டிலின் மூடியில் 5, 10, 15 என்று கோடு இருக்கும், அதில் அளந்து ஊற்று. கண்ணால் அளக்காதே.

வரிசை முக்கியம். உன்னிடம் இருக்கிற நாலில் அயர்லாந்து விஸ்கி முதலில். மூன்று முறை வடித்தது என்றால் இலேசாக இருக்கும். அடுத்து கிளென்லிவெட். மூன்றாவது அம்ருத் ஃப்யூஷன். கடைசியில்தான் லாஃப்ராய்க். புகை மணம் உள்ளதை முன்னால் குடித்தால் பிறகு வருகிற எல்லாமும் புகைந்தே தெரியும்.

தண்ணீர் இல்லாமல் ஒரு தடவை முகர்ந்து பார். மூக்கைக் கிளாஸுக்குள் விடாதே, விளிம்புக்கு இரண்டு விரல் தள்ளி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு முகர். மூக்கு அடைத்தது போலத் தோன்றினால் உன் சட்டைக் கையை முகர்ந்துவிட்டு வா. அதன் பிறகு தண்ணீர். கலக்குகிற தொழில் தெரிந்தவர்கள் விஸ்கியின் சாராய அளவை ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு இறக்கித்தான் முகர்வார்கள். 40 சதவீதச் சரக்கு 15 மில்லிக்கு 15 மில்லி தண்ணீர் விட்டால் 20 ஆகிவிடும். ஃப்யூஷன் 50 சதவீதம், அதற்கு இருபத்திரண்டரை மில்லி வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் விட்டால் நீ ஒப்பிடுவது காரத்தைத்தான், மணத்தை அல்ல. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் பாட்டில் தண்ணீர் எடு, பிரிட்ஜில் வைக்காதது. ஐஸ் வேண்டவே வேண்டாம். குளிர்ந்தால் மணம் அடங்கிப்போகும், 46 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற, குளிர வைத்து வடிகட்டாத சரக்கென்றால் கலங்கியும் தெரியும். அதைக் கெட்டுப்போனது என்று நினைத்துக் கொட்டிவிடாதே.

லேபிளைப் பார்த்துவிட்டால் மூக்கு பொய் சொல்லும். கிளாஸின் அடியில் சின்னச் சீட்டு ஒட்டி, இன்னொருவர் ஊற்றி இடம் மாற்றித் தர வேண்டும். ஆள் இல்லாதபோது கண்ணை மூடிக்கொண்டு நீயே கிளாஸ்களை மாற்றி வைக்கலாம், ஆனால் அது பாதிதான். ஒப்பிடுவதற்கு இன்னொரு மூக்கு வேண்டும் மக்களே. ஆபீசில் யாரையாவது கூப்பிடு. தனியாக உட்கார்ந்து செய்கிற காரியம் இல்லை இது.

லாஃப்ராய்க்குக்கு நீ எழுதிய குறிப்பை அம்மைக்கும் மருமகளுக்கும் வாசித்துக் காட்டினேன். "மழைக்குப் பிறகு அண்டியாபீஸ் பக்கம் போன மாதிரி" என்று எழுதியிருந்தாய். முந்திரி ஆலை வாடையைச் சரியாகப் பிடித்திருக்கிறாய். முளைகட்டிய பார்லியைப் பீட் மண் எரித்த புகையில் உலர்த்துகிறார்கள், அந்தப் புகையில் இருக்கிற ஃபீனால் என்கிற வேதிப்பொருள்தான் உன் மூக்குக்கு வருகிறது. அண்டித்தோட்டு எண்ணெயும் ஃபீனால் வகைதான். நான் அத்தனை வருஷம் ஊற்றியும் இந்த ஒப்பு எனக்குத் தோன்றவில்லை. உன் மூக்கு நல்ல மூக்கு. அதனால்தான் சொல்கிறேன், அளந்து ஊற்று.

பாட்டிலை நிமிர்த்தியே வை. ஒயினைப் படுக்க வைப்பார்கள், விஸ்கியைப் படுக்க வைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும். வெயில் படக்கூடாது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் சின்னப் பாட்டிலுக்கு மாற்று, உள்ளே காற்று கூடினால் மணம் தட்டையாகும்.

கீழே போனது பற்றி ஒன்று. நீ இரண்டு படம் அனுப்பியிருந்தாய், ஒன்பது நாள் இடைவெளியில். பாரில் நின்றவனுக்கு பாட்டிலைப் பார்த்தால் முதலில் மட்டம்தான் கண்ணில் படும், பழக்கம் போகவில்லை. முதல் படத்தில் கிளென்லிவெட் தோளுக்கு மேலே நின்றது. இரண்டாவதில் அந்த இடம் காலி. லாஃப்ராய்க் லேபிளின் அடிக்கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. பீப்பாயில் இருக்கும்போது ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு 2 சதவீதம்போல ஆவியாகும், பெங்களூர் சூட்டில் 10 சதவீதத்துக்கு மேலேயும் போகும். மூடிய பாட்டிலில் அப்படிப் போகாது. மூடி தளர்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு. நண்பர்கள் வந்திருப்பார்கள் என்று அம்மையிடம் சொல்லியிருக்கிறேன்.

கணக்கு உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். உங்கள் பிரிட்டன் கணக்கில் ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்தச் சாராயம். 40 சதவீத விஸ்கி 700 மில்லி பாட்டிலில் 28 யூனிட். வாரத்துக்கு 14-க்கு மேல் வேண்டாம், அதையும் மூன்று நாளாவது பிரித்துக்கொள் என்று அங்கே 2016-இலிருந்து சொல்கிறார்கள். ஒரு பாட்டில் இரண்டு வாரம் வர வேண்டும் என்று அர்த்தம், வேறு எதையும் தொடாமல்.

பீரை எல்லோரும் தண்ணீர் மாதிரி நினைக்கிறார்கள். 5 சதவீத பீர் ஒரு பைன்ட், 568 மில்லி, கிட்டத்தட்ட 2.8 யூனிட். அங்கே பப்பில் ஊற்றுகிற 25 மில்லி விஸ்கி 1 யூனிட்தான். நம்ம ஊரில் 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் இரண்டு லார்ஜுக்குச் சமம். விஸ்கியை விட்டுவிட்டு பீர் மட்டும்தான் என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பீரை ஒப்பிட வேண்டுமென்றால் லேகர் முதலில், கோதுமை பீர் அடுத்து, ஸ்டவுட் கடைசி. கோதுமை பீரில் வருகிற வாழைப்பழ மணம் ஈஸ்ட் தருவது, பழம் ஒன்றும் சேர்ப்பதில்லை. நனைந்த அட்டை வாடை அடித்தால் பழசு. பச்சைப் பாட்டில் வெளிச்சத்தில் நின்றால் நாற்றமடிக்கும். கிளாஸின் பக்கத்தில் குமிழி ஒட்டி நின்றால் கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. பீரைப் பற்றி இவ்வளவு போதும்.

எப்போது பார்த்தாலும் சாப்பிட்ட பிறகு பார். வெறும் வயிற்றில் வேண்டாம். எது ஊற்றினாலும் எத்தனை மில்லி என்று தேதி போட்டு எழுதி வை, மணத்தை மட்டும் எழுதாதே.

நீ தூக்கத்துக்கு மாத்திரை வாங்கியதாக மருமகள் சொன்னாள். வாய் தவறிச் சொன்னதுதான், அவளிடம் கேட்காதே. தூக்க மாத்திரையும் சாராயமும் ஒரே இரவில் சேரக்கூடாது. இரண்டும் மூச்சைத் தணிக்கிற சாமான், சேர்ந்தால் மூச்சு நின்றே போகலாம். ஒரு சின்ன பெக்தானே என்று நினைக்காதே. படுக்கப் போகும்போது குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பாதி ராத்திரியில் விழிப்பு தட்டும், அதற்கும் மாத்திரை தேடத் தோன்றும். மாத்திரை போடுகிற நாளில் பாட்டிலைத் தொடாதே. பாட்டிலைத் தொட்ட நாளில் மாத்திரை வேண்டாம். இதை மட்டும் என்னிடம் சரி என்று சொல்லிவிடு.

மூக்கைப் பழக்க சாராயம்தான் வேண்டுமென்று இல்லை. கருப்பட்டி அதற்காகத்தான் இரண்டு வகை அனுப்பியிருக்கிறேன். வட்டமானது பாலப்பள்ளத்துக்காரர் காய்ச்சியது, சின்னது கடையில் வாங்கியது. 10 கிராம் எடுத்து 100 மில்லி வெந்நீரில் தனித்தனியாகக் கரை. சீனி கலந்ததை உடைத்தால் உள்ளே பளபளக்கும், கரைசலில் இனிப்பு மட்டும்தான் தெரியும். நல்லதில் அடுப்புப் புகை, கொஞ்சம் உப்பு, கடைசியில் சுண்ணாம்பின் சுருக்கு. கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது பதநீராக, நம்ம அக்கானியாக நிற்கிறது, தடவாவிட்டால் பாளையிலிருந்து சொட்டும்போதே புளிக்கத் தொடங்கி மதியத்துக்குள் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு கூடினால் கருப்பட்டி கசக்கும், குறைந்தால் பாகு சரியாக இறுகாது. கள் நம் பக்கத்தில் 1987-இலிருந்து கிடையாது, களியக்காவிளை தாண்டினால் கேரளம், அங்கே கடை இருக்கிறது. நீ வரும்போது பனைமூட்டுக்கே போய் அக்கானி குடிக்கலாம், தை பிறந்தால் பாளை சீவத் தொடங்கிவிடுவார்கள். வாரத்தில் நாலு நாள் இந்தக் கருப்பட்டியை வைத்து முகர்ந்து எழுது. ஒரு மாசத்தில் அம்ருத்தில் இருக்கிற வெல்ல மணம் உனக்கு வேறு மாதிரி தெரியும்.

துணியில் சுற்றியது என் பெக் மெஷர், சரக்கு அளக்கிற கிண்ணம். ஒரு பக்கம் 30, மறுபக்கம் 60. கப்பலிலிருந்து கொண்டுவந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும்.

நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. நான் லீவில் வந்திருந்த மே மாசம். திண்ணையில் ஆட்கள் இருந்தார்கள். மெஷர் இல்லாமல் ஊற்று, மனசுக்குள் எண்ணிக்கொண்டு கையை நிமிர்த்து என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நீ ஊற்றியதை இந்த மெஷரில் திருப்பி ஊற்றி எல்லோருக்கும் காட்டினேன். 30 கோட்டில் நின்றது, ஒரு சொட்டு கூடவில்லை. கைதட்டினார்கள். அம்மை உள்ளேயிருந்து இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டாள், நான் விடவில்லை. நாலைந்து நாள் அப்படி ஊற்ற வைத்தேன். பிள்ளையின் கையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். மெஷரை அன்றைக்கே உன் கையில் தந்திருக்க வேண்டும். இல்லை, உன்னை அங்கே நிறுத்தியிருக்கவே கூடாது. அம்மை அதற்காக என்னைத் திட்டியதே இல்லை. ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம்.

இந்தக் கடிதத்தில் எத்தனை தடவை அளந்து ஊற்று என்று எழுதியிருக்கிறேன் என்று திருப்பி வாசித்தபோது தெரிந்தது. எழுதினதை அடிக்கவில்லை.

சின்னவளின் ஞானஸ்நானத்துக்கு ஆலயத்தில் நாள் கேட்கிறார்கள். மகன் சொல்லட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மருமகள் ஒன்றும் கேட்பதில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறாள்.

அடுத்த ஞாயிறு கூப்பிடு. ராத்திரி வேண்டாம், உனக்குக் காலை பத்து மணிக்குக் கூப்பிடு. இங்கே மூன்றரை, சின்னவள் விழித்திருப்பாள்.

அன்புடன்,
அப்பா

மாத்திரையின் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் எழுதி அனுப்பு. அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.