எல்லாவற்றுக்கும் ‘இஸின்ட் இட்’ சரியா?

ஆசிரியருக்கு,

தமிழில் எந்த வாக்கியத்துக்கும் ‘இல்லையா?’ போதும். அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்திலும் எல்லாவற்றுக்கும் ‘இஸின்ட் இட்?’ ஒட்டிவிடுகிறோம். வாக்கியத்தின் முடிவில் ஒட்டும் இந்தச் சிறு கேள்விதான் கொஸ்டின் டேக். அதில் வாக்கியத்தின் துணைவினையே (இஸ், கேன் போன்றவை) திரும்ப வர வேண்டும். வாக்கியம் நேர்மறை என்றால் டேக் எதிர்மறை. ‘ரவி கேன் ஸ்விம், கான்ட் ஹி?’ துணைவினை இல்லையென்றால் டூ, டஸ், டிட்: ‘மாலா சிங்ஸ் வெல், டஸின்ட் ஷி?’

அதிகம் சறுக்குவது ஒளிந்திருக்கும் எதிர்மறையில். நெவர், ஹார்ட்லி, செல்டம் வந்தாலே டேக் நேர்மறைதான்: ‘ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஹி?’ ‘எ லிட்டில்’ (கொஞ்சம் உண்டு) நேர்மறை, வெறும் ‘லிட்டில்’ (அநேகமாக இல்லை) எதிர்மறை. ஒற்றை ‘எ’ டேக்கையே புரட்டிவிடும். ‘ஐ ஆம்’ வந்தால் ‘ஆரன்ட் ஐ?’, ‘லெட்ஸ்’ வந்தால் ‘ஷல் வி?’

வகுப்பில் குரலையும் தயவுசெய்து சொல்லிக்கொடுங்கள். இறக்கிச் சொன்னால் ஆமோதிப்பை எதிர்பார்க்கிறோம். ஏற்றிச் சொன்னால் உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறோம்.

– ஆங்கில ஆசிரியர்கள் சிலர்