டம்போரின் மலையிலிருந்து அப்பாவுக்கு

பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா,
ஆடி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மருமகனும் பிள்ளையும் நலம். உங்கள் நலமும் அம்மா, ஆச்சி, அண்ணன், மைனி எல்லோருடைய நலமும் அறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்றே சொல்கிறாள். நீங்களாவது உள்ளதை எழுதுங்கள்.

குற்றாலத்தில் சாரல் களைகட்டியிருக்கும். இங்கே இப்போது குளிர்காலம். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் எனக்கு டியூட்டி இல்லாததால் டம்போரின் மலைக்குப் போய்வந்தோம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிரிஸ்பேனிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நம் பொதிகை 1,868 மீட்டர்; இந்த மலை 500 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். உச்சி கூம்பாக இல்லாமல் சமமாகப் பரந்து கிடக்கிறது, அதன் மேல் சிறிய ஊர்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய குழம்பு இறுகி, அந்தப் பாறை மக்கி வந்த செம்மண். எதை ஊன்றினாலும் வரும் போலிருக்கிறது.

அங்கே ஈகிள் ஹைட்ஸ் என்ற ஊரில் ஒரு தாவரவியல் பூங்கா. டிக்கெட் கிடையாது. மனமிருந்தால் பெட்டியில் காசு போடலாம். குளம், ஜப்பானியத் தோட்டம், கமேலியாப் பூக்கள் எல்லாம் உண்டு. நம் தேயிலையும் கமேலியா இனம்தான் என்று பிள்ளைக்குச் சொன்னேன். ஆனால் நான் எழுத வந்தது பூக்களைப் பற்றி இல்லை. அந்தப் பூங்காவைப் பராமரிப்பவர்கள் ஊர்க்காரர்கள், அப்பா. பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சம்பளம் இல்லை. அவரவர் கையுறை, அவரவர் மண்வெட்டியோடு வருகிறார்கள்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வேலியோரம் உண்ணிச்செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆமாம், நம் காரையாற்று வழியெல்லாம் மண்டிக் கிடக்கும் அதே உண்ணிச்செடிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து அங்கேயும் இங்கேயும் காட்டை விழுங்குகிறது. முதலில் கிளைகளை ஒரு முழ உயரத்துக்கு நறுக்கினார். பிறகு தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, சிறு கடப்பாரையால் நெம்பி வேரோடு தூக்கினார். தூக்கியதைக் கீழே போடவில்லை. மண்ணை உதறிவிட்டு, வேர் மேலே இருக்கும்படி ஒரு கிளையில் தொங்கவிட்டார். தரையில் கிடந்தால் மழை ஈரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளுமாம். வெட்டிவிட்டு மட்டும் போனால் தூரிலிருந்து முன்னைவிட அடர்ந்து கிளம்பும் என்று நீங்கள் சொன்னதையே அவரும் சொன்னார்.

மழைக்காட்டு மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் இலையெல்லாம் உதிர்ந்து ஒரு பெரிய மரம் நின்றது. பெயர்ப்பலகையில் டூனா சிலியாட்டா என்று போட்டிருந்தது. நம் சந்தன வேம்பு! சிறுவயதில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும்போது நீங்கள் பஸ் ஜன்னல் வழியே காட்டியது நினைவிருக்கிறதா? இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் மரம் அது. இந்த மலைகளில் 19-ஆம் நூற்றாண்டில் அதன் சிவப்பு மரத்துக்காகவே வெட்டி வெட்டி மாளவைத்துவிட்டார்கள். 1908-இல் இந்தக் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் முதல் தேசியப் பூங்கா இந்த மலையில்தான் அமைந்தது. மிச்சக் காடு அதனால் நிற்கிறது. மாஞ்சோலையில் தேயிலைக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக்கும் இந்தப் பக்கத்து மரம்தான். இங்கே தன் காட்டில், தானாக முளைத்து நிற்பதைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் நம் ஊர் நினைப்புதான். அகத்தியமலைப் பகுதியில் 2,254 வகைத் தாவரங்கள், அவற்றில் சுமார் 400 வேறு எங்கும் இல்லாதவை என்று யுனெஸ்கோ சொல்கிறது. ஆரியங்காவுக்கு அப்பால் செந்துருணி சரணாலயத்துக்கே செங்குறிஞ்சி மரத்தின் பெயர்தான். நம் விக்கிரமசிங்கபுரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மரத்தை அறிவார்கள்? மயிலாற்றுக் காணிக்காரப் பழங்குடியினருக்கும் ஆச்சி போன்ற ஒரு சிலருக்கும் தெரிந்தது அவர்களோடு போய்விடக் கூடாது, அப்பா. எனக்கு இது பெரிய கவலையாகவே இருக்கிறது.

மில்லில் ஓய்வு பெற்ற உங்கள் நண்பர்களோடு சாயங்காலம் படித்துறையில் கூடுகிறீர்கள் அல்லவா? அவர்களிடம் பேசிப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடக்கும் தரிசில், தலைமையாசிரியர் சம்மதித்தால், நீர்மருது, இலுப்பை, புன்னை, நாவல், சந்தன வேம்பு என்று தொடங்கலாம். ஒவ்வொன்றின் அடியிலும் பெயர்ப்பலகை வேண்டும். அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டாதீர்கள், மரம் பருக்கும்போது பட்டையை அறுத்துவிடும். தனிக் குச்சி நட்டு அதில் மாட்டுங்கள். காணிக்குடியிருப்புப் பெரியவர் ஒருவரை அழைத்து, பெயர்களை அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. பலகைச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன், தயங்க வேண்டாம்.

இன்னொன்று. ஆசையில் விதை எதையும் தபாலில் போட்டுவிடாதீர்கள். இந்த நாட்டில் சோதனை மிகவும் கடுமை, பிடித்து அழித்துவிடுவார்கள். ஆச்சியிடம் உட்கார்ந்து, அவளுக்குத் தெரிந்த மரம் செடிகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, அதை அனுப்புங்கள். எந்த இலை எதற்கு மருந்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அண்ணனிடம் கொடுத்தால் மறந்துவிடுவான். நீங்களே தபாலாபீசில் சேர்த்துவிடுங்கள்.

அம்மாவுக்கும் ஆச்சிக்கும் என் வணக்கம். மைனியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்