எம்20 என்று எழுதிவிட்டு 3/4 அங்குல மரை அனுப்பியது குறித்த புகார்

கோவென்ட்ரி,
21 மே

பெறுநர்:
நிர்வாகி அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தனியே பொருத்தும் ஆயில் ஃபில்டர் செட். தவறான மரை அளவு, தவறான பொருத்து விளக்கப் படம். முழுப் பணத்தையும் திருப்பித் தரவும், விற்பனைப் பக்கத்தைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். நான் போன் செய்தபோது என் பேச்சைக் கேட்டதும் உங்கள் ஊழியர் தமிழிலேயே பேச ஆரம்பித்தார். அதனால் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் அலுவலகக் கோப்புக்காக ஆங்கிலப் படி ஒன்றும் கூடவே வருகிறது.

ஏப்ரல் 29 அன்று உங்கள் இணையக் கடையில் எஞ்சினிலிருந்து தள்ளித் தனியே பொருத்தும் (ரிமோட்) ஆயில் ஃபில்டர் செட் ஒன்று வாங்கினேன். விலை 124 பவுண்டு, கிரெடிட் கார்டில் கட்டினேன். மே 3 அன்று பார்சல் கைக்கு வந்தது. எஞ்சினில் மாட்டும் தட்டு ஒன்று, இரண்டு ஹோஸ், ஃபில்டர் மாட்டும் ஹெட் ஒன்று, ஒரு பக்க விளக்கத் தாள், இவ்வளவுதான் உள்ளே இருந்தன.

இதை ஏன் வாங்கினேன் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக வீட்டுக் கராஜில் ஒரு கிட் கார் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1957இல் வந்த லோட்டஸ் செவன் மாதிரியான வண்டி. அந்தக் காலத்தில் முழு வண்டியாக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும், பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கட்ட வேண்டாம். இந்த நாட்டில் கிட் கார் பழக்கம் வேர்விட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். வரிச் சலுகை போய் எத்தனையோ வருடமாகிவிட்டது, கையால் கட்டும் ஆசை மட்டும் போகவில்லை. எனக்கும் அப்படித்தான். 1996 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பழசாக வாங்கி, அதன் 1.8 லிட்டர் எஞ்சினை என் சேஸிஸில் உட்கார வைத்திருக்கிறேன்.

அந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வலது பக்கம், எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். எம்எக்ஸ்-5 காரிலேயே அது கைக்கு எளிதில் எட்டாத இடம். செவன் மாதிரி ஒடுக்கமான வண்டியில் அதே பக்கம் ஸ்டியரிங் தண்டும் இறங்குகிறது, சேஸிஸின் சாய்வுக் குழாயும் குறுக்கே போகிறது. என் வண்டியில் ஃபில்டரின் அடிப்பக்கத்துக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே 11 மி.மீ. இடைவெளிதான். ஃபில்டர் மரையை விட்டு முழுதாகக் கழன்று வர 20 மி.மீ.யாவது வேண்டும். அதாவது ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் எஞ்சின் மவுண்டைக் கழற்றி, ஜாக்கி வைத்து எஞ்சினையே தூக்க வேண்டும். குழாயை அறுத்து இடம் மாற்றலாம் என்று சிலர் சொன்னார்கள். சேஸிஸ் வலுவோடு விளையாட எனக்கு மனம் வரவில்லை. எஞ்சின் பக்கம் மெலிதான தட்டு ஒன்றை மாட்டி, இரண்டு ஹோஸ் வழியாக ஆயிலை முன்பக்கம் கொண்டுபோய், கைக்கு எட்டும் இடத்தில் ஃபில்டரை வைப்பதுதான் சரியான வழி. அதற்குத்தான் உங்கள் செட்.

உங்கள் விற்பனைப் பக்கத்தில் இருப்பது இது: "எம்எக்ஸ்-5 எஞ்சினுக்கு ஏற்றது. ஹெட் மரை எம்20×1.5. உங்கள் வண்டியின் வழக்கமான ஃபில்டரையே மாட்டிக்கொள்ளலாம்." எம்20×1.5 என்றால் மரையின் விட்டம் 20 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.5 மி.மீ. வாங்கிய அன்றே இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தேன், இணைத்திருக்கிறேன்.

எஞ்சினில் மாட்டும் தட்டில் குறை இல்லை. மரை எம்20, சரியாகப் போய் உட்கார்ந்தது. பிரச்சினை ஹெட்டில். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, ஹெட்டில் வைத்துத் திருகினேன். வழுக்கிக்கொண்டு போனது. புது மரை இவ்வளவு தளர்வாகப் போகக் கூடாது. நடுவில் நிறுத்தி ஆட்டிப் பார்த்தேன், விழப்போகும் பல் மாதிரி ஆடியது. மேலும் திருகினேன். ரப்பர் ஹெட்டைத் தொட்டது. வழக்கம்போல அதற்கு மேல் முக்கால் சுற்று கொடுத்தேன், இறுகியும் விட்டது. எனக்கு பயம் வந்தது அங்கேதான். இறுகிய பிறகு வெளியே இருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. நடுவில் ஆட்டிப் பார்க்காத ஒருவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்திருப்பார்.

கோயம்புத்தூரில் என் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை நாட்களில் அங்கே மரை வெட்டி வளர்ந்தவன் நான். ஃபில்டரைக் கழற்றி ஹெட்டில் ஃபில்டர் திருகப்படும் மரைத் தண்டான ஸ்டட்டை வெர்னியரில் அளந்தேன். வெளி விட்டம் 19.0 மி.மீ. எம்20 என்றால் 20க்கு ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். மரை இடைவெளியைப் பார்க்கும் பிட்ச் கேஜை வைத்தேன். 1.5 தகடு சில மரைகள் தள்ளி ஏறி நின்றது, அங்குலத்துக்கு 16 என்ற தகடு இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தது. ஆக, நீங்கள் அனுப்பியது 3/4 அங்குலம், 16 மரை, யூஎன்எஃப் என்ற அங்குல அளவு மரை. ஃபோர்டின் பழைய கிராஸ்ஃப்ளோ, பின்டோ எஞ்சின்களின் ஃபில்டருக்கு உரிய மரை அது. என் எஞ்சினின் ஃபில்டருக்கு உரியது அல்ல.

மே 6 அன்று போன் செய்து இதைச் சொன்னேன். உங்கள் ஊழியர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன பதில் இது: "அண்ணா, முக்காலும் இருபதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எல்லாரும் இதைத்தான் மாட்டுகிறார்கள், யாரும் குறை சொன்னதில்லை."

ஒன்று இல்லை. 3/4 அங்குலம் என்பது 19.05 மி.மீ. மரை இடைவெளி 1.59 மி.மீ., எம்20இன் 1.5க்கும் அதற்கும் வித்தியாசம் 0.1 மி.மீ.கூட இல்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தால்தான் இரண்டும் ஒன்றோடொன்று ஏறிவிடுகின்றன, ஆபத்தும் அதனால்தான். எம்20 ஃபில்டரின் உள் மரையில் சரியான ஸ்டட் போனால் ஒவ்வொரு பக்கமும் 0.8 மி.மீ. அளவுக்குக் கவ்வும். உங்கள் ஸ்டட் 0.3 மி.மீ. சொச்சம்தான் கவ்வுகிறது. ஃபில்டரின் அந்தப் பகுதி மெல்லிய தகட்டில் அடித்த மரை, கெட்டியான நட்டு அல்ல. பாதி கூடக் கவ்வாத நிலையில் அது எவ்வளவு தாங்கும்?

தாங்க வேண்டிய சுமையையும் சொல்கிறேன். சீல் வளையத்தின் விட்டத்தை 60 மி.மீ. என்று வைத்தால் பரப்பு 28 சதுர செ.மீ. காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கினால், கெட்டியான ஆயிலில் அழுத்தம் 5 பாருக்குப் போகும் (ஒரு பார் என்றால் சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோ). அப்போது ஃபில்டரை ஹெட்டிலிருந்து பிடுங்கித் தள்ளும் விசை சுமார் 140 கிலோ. இரண்டு ஆட்கள் தொங்குவதற்குச் சமம். மரை உருவிக்கொண்டால் சில நொடிகளில் எஞ்சினின் ஆயில் முழுக்க வெளியே கொட்டிவிடும். என் வண்டியில் ஃபில்டர் வைக்க இருக்கும் ஒரே இடம் எக்ஸாஸ்ட் குழாய்களிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. சூடான எக்ஸாஸ்டில் ஆயில் பாய்ந்தால் தீப்பிடிக்கும். முன் சக்கரத்தில் பட்டால் வளைவில் வண்டி பிடிப்பை இழக்கும். என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டத்தான் இந்த வண்டியைக் கட்டுகிறேன்.

அப்புறம், விளக்கத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெட் வார்ப்பிலேயே உள்ளே, வெளியே என்று அம்புக்குறி இருக்கிறது, அது சரியாக இருக்கிறது. தாளில் உள்ள படம் அதற்கு நேர் எதிராக இரண்டு ஹோஸையும் மாற்றிக் காட்டுகிறது. ஆயில் ஃபில்டரின் வெளி வட்ட ஓட்டைகளில் நுழைந்து, காகிதத்தைத் தாண்டி, நடுத் துளை வழியாக எஞ்சினுக்குத் திரும்ப வேண்டும். படத்தில் உள்ளபடி மாட்டினால் ஆயில் நடுத் துளையில் போய் நிற்கும். எஞ்சின் நிற்கும்போது ஆயில் வடிந்துவிடாமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் மடிப்பு இருக்கிறதல்லவா, அது எதிர்ப் பக்க அழுத்தத்தில் வழியை அடைத்துவிடும். பேரிங்குகளுக்கு ஆயில் போகாது. புதிதாகக் கட்டிய எஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் செய்பவருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இல்லை. அம்புக்குறியைப் பார்த்ததால் நான் தப்பித்தேன். தாளை நம்புபவர் தப்ப மாட்டார்.

மே 8 அன்று மின்னஞ்சலில் அளவுகளும் படங்களும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மே 14 அன்று வந்த பதிலில், ஹெட்டில் ஆயில் கறை இருப்பதால் அது "பயன்படுத்திய பொருள்" என்றும், திரும்ப எடுக்க முடியாது என்றும் எழுதியிருந்தீர்கள். மரை அளவைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு வார்த்தை இல்லை. என்னை மிகவும் வருத்தியது அதுதான். கறை என்பது ரப்பர் வளையத்தில் தடவிய ஆயில். அப்படித் தடவச் சொல்வது உங்கள் தாளின் மூன்றாவது வரி. ஹோஸ் இன்னும் மாட்டவே இல்லை, எஞ்சின் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், பிரிவு 11இன்படி பொருள் அதன் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். இது ஒத்திருக்கவில்லை. பிரிவு 22இன்படி 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் பெற எனக்கு உரிமை உண்டு. இன்று 18ஆம் நாள். மே 8 மின்னஞ்சலிலேயே நிராகரித்துவிட்டேன், இந்தக் கடிதத்தில் அதை மீண்டும் உறுதிசெய்கிறேன். நியாயமான திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது. வேறு ஸ்டட் அனுப்புகிறோம் என்று இப்போது சொன்னாலும் எனக்கு வேண்டாம். அந்தப் போன் பேச்சுக்குப் பிறகு, எது வந்தாலும் அளக்காமல் மாட்ட எனக்கு மனம் வராது.

பணம் என் பிரச்சினை மட்டும்தான், அதைவிட அவசரமானது விற்பனைப் பக்கம். இந்தக் கடிதம் எழுதும் இந்த நிமிடமும் அங்கே எம்20×1.5 என்றுதான் இருக்கிறது. "யாரும் குறை சொன்னதில்லை" என்றால் அந்த ஹெட்டோடு எத்தனை வண்டிகள் சாலையில் ஓடுகின்றன? வார்ப்பு நல்ல வார்ப்பு, சீல் உட்காரும் முகம் சுத்தமாகக் கடைந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். 3/4 யூஎன்எஃப் என்று ஒரு வரி மாற்றி, அதற்கு ஏற்ற ஃபில்டர் எது என்றும் எழுதினால் அது பாதுகாப்பான பொருளாகிவிடும். அந்த ஒரு வரியை இன்றே மாற்றுங்கள், தாளின் படத்தையும் மாற்றுங்கள். வாங்கியவர்களின் மின்னஞ்சல் உங்களிடம் இருக்கிறது. வண்டியை எடுப்பதற்கு முன் ஃபில்டர் மரையைச் சரிபார்க்கச் சொல்லி அவர்கள் எல்லாருக்கும் எழுதுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் 124 பவுண்டு வந்து சேரவில்லை என்றால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் பிரிவு 75இன் கீழ் என் கார்டு நிறுவனத்திடம் கோருவேன். பக்கத்தைத் திருத்த அவ்வளவு நாள் என்னால் காத்திருக்க முடியாது. வரும் திங்கட்கிழமை காலை பார்ப்பேன். அப்போதும் எம்20 என்றே இருந்தால், அளவுப் படங்களோடு சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லி, வணிக முறைகேடுகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறையின் கவனத்துக்குக் கொண்டுபோவேன்.

ஹெட், தட்டு, ஹோஸ்கள், தாள் எல்லாவற்றையும் நீங்கள் அனுப்பிய பெட்டியிலேயே கட்டி வைத்திருக்கிறேன். தபால் லேபிளை அனுப்பினால் மறுநாளே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஏப்ரல் 29 அன்று ஆர்டர் செய்த வாடிக்கையாளர்,
கோவென்ட்ரி

இணைப்பு: விற்பனைப் பக்கத்தின் படம், வெர்னியர் மற்றும் பிட்ச் கேஜ் வைத்து எடுத்த நான்கு படங்கள், விளக்கத் தாளின் நகல், மே 8 மற்றும் மே 14 மின்னஞ்சல்கள், ஆங்கிலப் படி.