பங்கு வாசகர் குழு: 2025ஆம் ஆண்டின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, குழுத் தலைவர் அவர்களே, பங்குப்பேரவை உறுப்பினர்களே, திருப்பலியில் விவிலியத்தை வாசிக்கும் வாசகர் குழுவின் சகோதர சகோதரிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

வரவு செலவை எனக்குப் பின் பொருளாளர் வாசிப்பார். கூட்டம் மாதம் ஒன்று என்பது விதி. மே மாதமும் டிசம்பரிலும் போதிய உறுப்பினர் வராததால், வந்தவர்கள் ஒரு செபம் சொல்லிவிட்டுக் கலைந்தோம். மற்ற மாதங்களின் நடவடிக்கைக் குறிப்பு ஏட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மாலைப் பயிற்சி மட்டும், மூன்று பேர் வந்த வாரங்கள் உட்பட, ஒரு வாரம்கூட நிற்கவில்லை. இதைக் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

ஆண்டு நல்லபடியாகத் தொடங்கியது. ஜனவரி 26, பொதுக்காலத்தின், அதாவது தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத வாரங்களின், மூன்றாம் ஞாயிறு. அந்த ஞாயிற்றை இறைவார்த்தை ஞாயிறாகக் கொண்டாட வேண்டும் என்று 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தது உங்களுக்குத் தெரியும். இம்முறை அன்றைய வாசகங்களும் நமக்கென்றே அமைந்தவை போல வந்தன. நெகேமியா நூலிலிருந்து வந்த முதல் வாசகத்தில் எஸ்ரா மர மேடைமேல் நின்று, காலை தொடங்கி நண்பகல் வரை திருச்சட்டத்தை வாசிக்கிறார், மக்கள் கேட்டு அழுகிறார்கள். நற்செய்தியிலோ நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசுவே வாசிக்க எழுந்து நிற்கிறார். நண்பகல் வரை வாசித்தும் யாரும் கடிகாரத்தைப் பார்த்ததாக நெகேமியா எழுதவில்லையே என்று பங்குத்தந்தை மறையுரையில் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த மகிழ்ச்சி அடுத்த ஞாயிறு வரைதான். சென்ற ஆண்டு நம்மைப் பாடாய்ப் படுத்தியது ஒலிபெருக்கி அல்ல, நாள்காட்டி.

பொதுக்காலத்தில் ஞாயிறு என்றால் அந்த ஞாயிற்றுக்குரிய வாசகம்தான் என்று பழகிவிட்டோம். பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் 2025இல் ஐந்து ஞாயிறுகளில் வேறு விழாக்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. பிப்ரவரி 2 ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா. ஜூன் 29 புனிதர்கள் பேதுரு, பவுல் பெருவிழா. செப்டம்பர் 14 திருச்சிலுவையின் மகிமை. நவம்பர் 2 இறந்த நம்பிக்கையாளர் அனைவரின் நினைவு. அதற்கடுத்த ஞாயிறே இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழா. நம் வரிசைப் பட்டியலைத் தயாரித்தவர் (நான்தான்) வார எண்ணை மட்டும் பார்த்து எழுதிவிட்டார்.

விளைவு பிப்ரவரி 2 அன்று தெரிந்தது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருபவை. பொதுக்காலத்தின் நான்காம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு, இரண்டாம் வாசகம் என்றால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம், அன்பைப் பற்றிப் பவுல் சொல்லும் பகுதி. அதைக் கேட்டு வாங்கிய சகோதரி, வாரம் முழுக்க வீட்டில் கண்ணாடி முன் நின்று தயாரித்திருக்கிறார். அன்று சக்ரீஸ்தில் (திருப்பலிக்கு ஆயத்தம் செய்யும் அறையில்) வாசக நூலைத் திறந்தால், நாடா விழாவுக்குரிய முதல் வாசகமான மலாக்கி நூல் உள்ள பக்கத்தில் கிடக்கிறது. இரண்டாம் வாசகம் எபிரேயர் திருமுகம். ஏழு நிமிடத்தில் மணி அடித்துவிடும். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நூலைக் கையில் எடுத்து, சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்று, உதடு மட்டும் அசைய இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு போய் வாசித்தார். ஓரிடத்தில் மட்டும் சற்றுத் தடுமாறினார், அதுவும் எங்களைப் போன்றவர்களுக்கே தெரியும். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோதுதான், "அண்ணே, அந்த வாசகம் இனி எப்ப வரும்?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்துச் சொன்னேன்: 2028 ஜனவரி 30. அன்றைய இரண்டாம் வாசகத்தை அவர் பெயருக்கு இப்போதே எழுதி வைத்துவிட்டோம். அடுத்த செயலர் யாராக இருந்தாலும் இதை மாற்றக் கூடாது என்று ஏட்டில் குறித்திருக்கிறேன்.

செப்டம்பர் 14இல் காணாமற்போன மகன் உவமை போய்விட்டதே என்று சிலர் வருந்தினார்கள். அதைத் தவக்காலத்தில் மார்ச் 30 அன்று கேட்டுவிட்டோம், ஆகவே அந்த இழப்பு பெரிதில்லை. நவம்பர் 2 அன்று, வழக்கமான ஞாயிறாயிருந்தால் நற்செய்தியில் வரவேண்டிய சக்கேயு, மரத்தைவிட்டு இறங்காமலே போனார். இலாத்தரன் விழாவுக்கு முன்னுரை எழுதிய தம்பியிடம் மட்டும் நான் ஒரு பாடம் கற்றேன். "உரோமையில இருக்கிற கோயிலுக்கு நமக்கெதுக்கு விழான்னு கேப்பாங்கண்ணே" என்று சொல்லி, முன்னுரையின் முதல் வரியிலேயே பதிலை வைத்தார்: திருத்தந்தையின் பேராலயம் புனித பேதுரு பேராலயம் அல்ல, 324இல் நேர்ந்தளிக்கப்பட்ட இந்த இலாத்தரன் பேராலயமே. மொத்தம் ஐந்தே வரி. நம் முன்னுரைகள் மறையுரையோடு போட்டி போடுகின்றன என்ற புகாருக்கு நானறிந்த மிகச் சிறந்த மறுமொழி அது. மற்றவர்களும் பின்பற்றலாம்.

திருப்பலியில் மக்கள் பெயரால் வேண்டும் நம்பிக்கையாளர் மன்றாட்டைத் தயாரிப்பதும் நம் பொறுப்பு. பிப்ரவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதிலிருந்து, முதல் மன்றாட்டில் அவர் நலம்பெற வேண்டிவந்தோம். மார்ச் 23 அன்று அவர் திரும்பினார். ஆனாலும் மெலிந்திருந்தார், எனவே அந்த வரியை எடுக்கவில்லை. ஏப்ரல் 20 உயிர்ப்புப் பெருவிழா. மறுநாள் திங்கள் காலை அவர் இறந்தார். 26ஆம் தேதி சனிக்கிழமை அடக்கம். அடுத்த நாள் இறை இரக்க ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கான மன்றாட்டுத் தாளைப் புனித வாரத்துக்கு முன்பே அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்தோம். அவருக்காக இரங்கல் செபமாலை சொன்ன நமக்கே, கோப்பிலிருந்த தாளை மாற்றத் தோன்றவில்லை.

முதல் திருப்பலியில் மன்றாட்டு வாசித்த இளைஞர், "எங்கள் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள்" என்பது வரை வாசித்துவிட்டார். அங்கே நின்றார். மைக்கில் அவர் மூச்சு கேட்டது. தாளில் அடுத்து இருந்தது "முழு உடல்நலம் பெற வேண்டுமென்று". அவர் தலையை நிமிர்த்தி, "உமது திருமுன் நிறை அமைதி பெற வேண்டுமென்று" என்று முடித்தார். "பெற" என்ற வினை அப்படியே இருக்க, முன்னால் இருந்த சொல் மட்டும் மாறியது. கோயிலில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தாளைத் தயாரித்தவர்களுக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. அன்று மாலையே ஒரு தீர்மானம் எழுதினோம்: மன்றாட்டுத் தாளைச் சனிக்கிழமை இரவுக்கு முன் அச்செடுப்பதில்லை.

அந்த நாள்களில், நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயரைச் சாமியார் மறந்துவிட்டாரா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். மறக்கவில்லை. பதவி காலியாக இருக்கும்போது சொல்வதற்குப் பெயர் கிடையாது. மே 8 அன்று புதிய திருத்தந்தை தேர்ந்தெடுக்கப்பட்டார். 11ஆம் தேதி மன்றாட்டில் அவர் பெயரைப் பதினான்காம் லியோ என்று எழுதாமல், எண்ணை ரோமன் முறையில் அச்சிட்டிருந்தோம். வாசித்த மாணவி துணிச்சலாக "லியோ எக்ஸ் ஐ வி" என்று வாசித்தார். சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் பிழை அவருடையதல்ல. வாசிக்க வேண்டியதை, வாய் சொல்ல வேண்டிய வடிவத்திலேயே எழுதித் தர வேண்டும். இனி எண்கள் எல்லாம் எழுத்தில்தான்.

உச்சரிப்புப் பற்றி. பிப்ரவரிக் கூட்டத்தில், வாசகத்தின் முடிவில் சொல்லும் "அருள்வாக்கு" பலர் வாயில் "அருல்வாக்கு" ஆகிறது என்று பேச்சு எழுந்தது. லகர, ளகர, ழகரப் பயிற்சி ஆறு வாரம் நடந்தது. பயன் இருந்தது, சில இடங்களில் அளவுக்கு மீறியும் இருந்தது. உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் இம்முறை பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழையும் வாசித்தோம். அதில் இரண்டாவது, ஆபிரகாம் ஈசாக்கை மலைக்கு அழைத்துப்போகும் பகுதி. நம் சகோதரர் ஒருவர் ழகரத்தை விட்டுவிடக் கூடாது என்ற கவனத்திலேயே இருந்து, "எரிபலி" வந்த இடத்திலெல்லாம் "எரிபழி" என்று அழுத்தம் திருத்தமாக வாசித்துவிட்டார். பலிக்கும் பழிக்கும் உள்ள தூரம் சிறியதல்ல. அதே இரவில் வாசக மேடையின் சிறுவிளக்கு மூன்றாம் வாசகத்தின் நடுவே அணைந்தது. செங்கடல் பிளக்கும் நேரம். பலிபீடச் சிறுவர் ஒருவர் ஓடிவந்து மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடுதலைப் பயண நூலின் அந்த வாசகத்தை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது என்பது ஒழுங்கு. விடவில்லை. நூலின் பக்கத்தில் ஒரு மெழுகுத் துளி இன்னும் இருக்கிறது.

ஒலிபெருக்கி அக்டோபரில் சரிசெய்யப்பட்டது. நன்றி. மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

ஆகஸ்டில் நம்மைப் பிரிந்த மூத்த உறுப்பினரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைப் பயிற்சியில் அவர் எப்போதும் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்காருவார். பார்க்க முடியாத இடத்திலிருந்து கேட்டால்தான் வாசிப்பு தெரியும் என்பது அவர் கட்சி. பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார், எழுந்து முன்னால் வந்து உட்காருவார். அவர் முன்னால் வந்துவிட்டால் நாம் திரும்பவும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்று அர்த்தம்.

நம் பழைய வாசக நூல் முழுவதும் அவருடைய பென்சில் குறிகள் இருக்கின்றன. மூச்சு விட ஒரு கோடு, நிறுத்த இரண்டு கோடு, தடுக்கிவிடக்கூடிய பெயருக்கு மேல் ஒரு சிறு வட்டம். தூய ஆவியார் பெருவிழாவின் முதல் வாசகத்தில் பார்த்தர், மேதியர், எலாமியர் என்று தொடங்கி கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா என்று நீளும் அந்தப் பட்டியல் எல்லாருக்கும் அச்சம் தருவது. ஜூன் 8 அன்று அதை வாசிக்க முன்வந்த கல்லூரி மாணவரை, முந்தின மாலை பக்கத்தில் உட்கார வைத்து, "தம்பி, இது பெயர்ப் பட்டியல் இல்ல, கூட்டம். ஒவ்வொருத்தரா உள்ள வர்றாங்கன்னு நெனச்சு வாசி" என்றார். மறுநாள் அந்தத் தம்பி அப்படித்தான் வாசித்தார். ஐயா தூணுக்குப் பின்னாலேயே இருந்தார்.

அவருடைய அடக்கத் திருப்பலியில் சாலமோனின் ஞான நூலின் மூன்றாம் அதிகாரத்தை நான் வாசித்தேன். மற்றவர்களின் அடக்கத்துக்காக அவர் பலமுறை வாசித்த பக்கம் அது. நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் இருப்பதாகச் சொல்லும் இடத்துக்கு அடுத்து இரண்டு கோடு போட்டிருந்தார். நிறுத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

அந்த நூலின் தையல் விட்டுவிட்டது, இனி அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆகாது. குறிகளைப் புதிய நூலுக்குப் படியெடுக்கும் வேலையை மூன்று பேர் செய்துவருகிறார்கள். பங்குத்தந்தையின் அனுமதியோடு, பென்சிலில் மட்டும்.

இனி வரும் ஆண்டு. நவம்பர் 30, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறோடு சுழற்சியின் முதல் ஆண்டு, அதாவது மத்தேயு நற்செய்தியை வாசிக்கும் ஆண்டு, தொடங்கிவிட்டது. வாரநாள் முதல் வாசகங்களுக்கு இரண்டு வரிசை உண்டு, 2026 இரட்டைப்படை ஆண்டு ஆகையால் இரண்டாம் வரிசை. நவம்பர் 1 ஞாயிறாக வருகிறது, அன்று புனிதர் அனைவர் பெருவிழா. பட்டியலில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18, உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5.

பாஸ்கா திருவிழிப்புக்கான பட்டியலை வெளியே அறிவிப்புப் பலகையில் மாட்டியிருக்கிறோம். தொடக்க நூலுக்கும் எசாயாவுக்கும் போட்டி, ஆள் நிரம்பிவிட்டது. விடுதலைப் பயணம் 14 மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. விளக்குக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. பென்சிலைப் பலகையிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

வணக்கத்துடன்,
செயலர், பங்கு வாசகர் குழு