வேலி போடாத ஊர்

நாட்டிங்ஹாம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் மிக்க மகிழ்ச்சி. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை.

வரப்புத் தகராறு வழக்குகளிலேயே தலை நரைத்தவன் நீ. உனக்கென்றே ஓர் ஊரைப் பார்த்து வைத்திருக்கிறேன். பெயர் லாக்ஸ்டன். பழைய தேவாலயம், நார்மன் கோட்டை இருந்த மண்மேடு, தெருவை ஒட்டிச் செங்கல் பண்ணைவீடுகள், இவ்வளவுதான் ஊர். விசேஷமெல்லாம் வயலில் இருக்கிறது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு இங்கிலாந்தின் பொது வயல்களைப் பிரித்து வேலி அடைத்தது. மேய்ச்சல் உரிமையை நம்பியிருந்த ஏழைகள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். லாக்ஸ்டனில் மூன்று பெரிய வயல்கள் தப்பிவிட்டன. ஒன்றில் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், ஒன்று தரிசு என்று ஆண்டுதோறும் முறை மாறும். ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்றிலும் துண்டு துண்டாக நிலம். நடுவே வேலியே கிடையாது.

அப்படியென்றால் அடுத்தவன் நிலத்தில் ஏர் ஏறாதா என்று கேட்பாய். ஏறும்! அதற்குத்தான் நவம்பர் கடைசியில் ஊர் ஜூரிகள் டிராக்டர் வண்டியில் ஏறிக் கோதுமை வயலைச் சுற்றுகிறார்கள். எல்லை மங்கிய இடத்தில் முளைக்குச்சி அடிக்கிறார்கள். பொதுப் பாதையையோ புல்வெளியையோ உழுது தின்றவனுக்கு அபராதம். அதற்கு அடுத்த வாரம் கூடும் 'கோர்ட் லீட்' என்ற பழங்கால ஊர் நீதிமன்றம் அதை உறுதி செய்கிறது. நீதிமன்றம் கூடுவது டவ்காட் என்ற பப்பில்! உன் நீதிபதிகளுக்குச் சொல்லிவிடாதே. 1977இல் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தைச் சட்டம் பறித்தபோதும் லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அக்கம்பக்கத்தார் பார்வையில் தீர்ந்துபோவதை நம் ஊரில் இரண்டு தலைமுறைக்கு இழுக்கிறோமே என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு துண்டு நிலமும் இருக்கிறது. உழுகிறவர்கள், அறுக்கிறவர்கள், வேட்டையாடுகிறவர்கள் எல்லாரையும் விரல்நகம் அளவில் வரைந்திருக்கிறார். மூலப்படி ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

1952இல் அரசு வாங்கிக் காப்பாற்றிய ஊர், 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார் பண்ணையின் கைக்குப் போய்விட்டது. வழக்கம் தொடரும் என்கிறார்கள். நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி, உனக்குத் தெரியும்.

திருமணத் தேதி குறித்ததும் எழுது. டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
ராகவன்