நத்தாருக்கு முன் மகனுக்கு ஒரு கடிதம்

மட்டக்களப்பு
9 மார்கழி 2025

அன்புள்ள மகனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். அப்பாவுக்குச் சீனி கூடிக் குறைந்து நிற்கிறது. புயல் மழையில் கிணற்றடி மதில் ஒரு துண்டு சரிந்தது, அவ்வளவுதான். மலைநாட்டில் மண்ணுக்குள் போன சனத்தைப் பார்த்த பிறகு அதை நட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ அனுப்பின காசு கிடைத்தது. காசு வருகிற வழியில் ஒரு போனும் வரலாம்.

வாட்ஸ்அப்பில் நான் கதைத்து அனுப்பினால் நீ பாதியில் நிற்பாட்டிவிடுகிறாய் என்று அக்கா சொன்னாள். அதுதான் கடிதம். இதையும் மடித்து வைக்கலாம், சரி. ஆனால் காகிதம் வீட்டில் எங்காவது கிடக்கும், ஒரு நாளைக்குக் கையில் அகப்படும்.

குட்டி நடக்கிற வீடியோ பார்த்தோம். அப்படியே உன் நடை. ஒரு வயது தாண்டிவிட்டது அவளுக்கு. நான் ஒன்றும் கேட்கவில்லை. தாண்டவன்வெளியில் தைக்கிற பிள்ளையிடம் நல்ல வெள்ளைத் துணி வந்திருந்தது, இரண்டு வயது அளவுக்கு ஒரு சட்டை தைப்பித்து வைத்திருக்கிறேன். சும்மாதான். வெள்ளை எதற்கும் உதவும்.

அங்கே கனடாவில் பனி தொடங்கியிருக்கும். இரவு வேலை முடிந்து வாகனம் ஓட்டும்போது அவசரப்படாதே.

நீ முகநூலில் எழுதினதை அக்கா வாசித்துக் காட்டினாள். எங்கள் புனித மரியாள் கோயிலில் எம்.பி. ஜோசப் பரராஜசிங்கம் ஐயாவைச் சுட்டு இந்த நத்தாரோடு 20 வருடம் என்று தொடங்கி, மன்னிப்பு என்பது கொலைகாரனுக்கு நாங்கள் எடுத்துக் கொடுக்கிற பிணை என்று முடித்திருக்கிறாய். வசனம் நன்றாகத்தான் இருக்கிறது. மிக்கேலில் படிக்கும்போதே உனக்குக் கட்டுரைக்கு முதல் பரிசு. முன்வீட்டு மாஸ்டர் வந்து, "உங்கட மகன் பேனையைக் கத்தி மாதிரிப் பிடிக்கிறான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்று இரவு நித்திரை வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நீ அங்கே பாதுகாப்பாக இருந்து எழுதுகிறாய். நாளைக்கு விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டுகிறவன் நீ. எழுதாதே என்று சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து எழுது.

ஆனால் நீ சொன்ன விஷயம் பிழை, மகன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மன்னிப்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். உன் மாமாவை வந்தாறுமூலை அகதி முகாமில் இருந்து ஆமி கொண்டு போனது 1990 செப்டம்பர் 5. அன்றைக்கு மட்டும் 158 பேர். அம்மம்மா கண் மூடும் வரைக்கும் இரவில் படலையைப் பூட்ட விடவில்லை, உனக்கே தெரியும். நான் 35 வருடமாக மன்னிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். யாரிடம் கொடுப்பது? நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், இன்ன இடத்தில் புதைத்தேன் என்று ஒருவன் வந்து சொல்லட்டும். அழுவேன், திட்டுவேன், பிறகு அவனுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுப்பேன் என்று நினைக்கிறேன். ஒருவரும் வரவில்லை. மரணச் சான்றிதழ் எடுங்கள், நட்டஈடு தருகிறோம் என்றுதான் வருகிறார்கள். அதற்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன். இதில் எங்கே பிணை கொடுத்தேன், சொல்லு.

நீ கோயிலோடு கோபம். அதையும் பேசாமல் விட முடியாது. ஆண்டவரின் சந்நிதானத்தில், அதுவும் பாலன் பிறந்த இரவில், நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற மனிசனை அவருடைய மனைவிக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டார்கள். அந்த அம்மாவுக்கும் காயம். ஆயர் பீடத்தில் நிற்கிறார். "அப்போது ஆண்டவர் எங்கே இருந்தார்?" என்று நீ என்னிடம் கேட்டது 11 வயதில். இப்பவும் அதையே கேட்கிறாய். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, சுவாமிமாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் வேறு ஒரு கேள்விக்குப் பதில் இருக்கிறது. அரசாங்கம் எங்கே இருந்தது? கோயில் இருக்கிற புளியந்தீவுக்குள் வந்து போக வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் எத்தனை ஆமிச் சென்ரி தாண்ட வேண்டும். பெயருக்கு அது சமாதான காலம், போர்நிறுத்த ஒப்பந்தம் கிழியாமல் இருந்தது. நத்தார் பூசைக்குப் போகிற கிழவிகளின் கைப்பையைக்கூடக் கிண்டினவர்கள், துவக்கோடு வந்தவர்களையும் போனவர்களையும் காணவில்லையாம். ஆண்டவரிடம் கேட்கிற கேள்வியில் பாதியை அங்கே கேட்டால் ஆகாதா?

அந்தப் பங்கில் அவர் முதல் ஆளும் இல்லை. சந்திரா ஃபாதரை 1988 ஜூன் 6 அன்று அதே வளவுக்குள்தான் சுட்டார்கள். பிரஜைகள் குழுவுக்குத் தலைவராக இருந்து, பிடிபட்ட பிள்ளைகளைத் தேடி முகாம் முகாமாக ஏறி இறங்கின மனிசன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிப் புதிது. இரண்டு வருடத்தில் ஹேபர்ட் ஃபாதர், 1990 ஓகஸ்ட் 15, மாதாவின் பெருநாள் அன்று வாழைச்சேனையில் இருந்து புறப்பட்டவர், கூட வந்த பிள்ளையோடு காணாமல் போனார். இன்றுவரை ஒரு எலும்பும் இல்லை. அவர் பிறந்தது அமெரிக்காவில். போக வேண்டுமென்றால் என்றைக்கோ போயிருக்கலாம். ஜோசப் ஐயாவும், மட்டக்களப்பு எம்.பி. சாம் தம்பிமுத்துவைக் கொழும்பில் சுட்ட பிறகு அந்த வெற்றிடத்துக்குத்தான் பாராளுமன்றம் போனார். தனக்கு முன் இருந்தவர் எப்படிச் செத்தார் என்று தெரிந்துதான் அந்தக் கதிரையில் இருந்தார். கட்சிக்காரர், எல்லாம் சரியாகச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு அவருடைய அரசியல் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் காணாமல் போன பிள்ளைகளுக்காகப் பாராளுமன்றத்தில் பேசினவர். கோயில் உனக்கு ஒன்றும் செய்யவில்லை என்கிறாய். கோயிலில் இருந்துதான் இத்தனை பேர் போனார்கள்.

வழக்குக் கதை உனக்கு என்னைவிடத் தெரியும். ஜோசப் ஐயாவைச் சுட்ட சந்தேகத்தில் 2015இல் ஆட்களைப் பிடித்தார்கள். விளக்கமறியலில் இருந்துகொண்டே அவர்களில் ஒருவர் 2020 தேர்தலில் நின்று 54,000 வாக்குக்கு மேல் எடுத்து வென்றார். எங்கள் சனம் போட்ட வாக்குத்தான், ஆமிக்காரன் வந்து போடவில்லை. அப்புறம் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுக்க முடியாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சட்டமா அதிபர் வழக்கைக் கொண்டு நடத்தப் போவதில்லை என்றார். 2021 ஜனவரி 13, பொங்கலுக்கு முதல் நாள், ஐந்து பேரும் விடுதலை. சட்டப்படி அவர்கள் குற்றமற்றவர்கள். சரி. நான் நீதிபதி இல்லை. அப்படியென்றால் சுட்டது யார்? அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு கோப்பும் திறந்ததாக நான் கேள்விப்படவில்லை. எனக்குக் கோபம் அந்த இடத்தில்தான். ஒருவரும் மன்னித்ததால் அந்த வழக்கு நிற்கவில்லை, மகன். மன்னிக்கச் சொல்லி எங்களை ஒருவரும் கேட்கக்கூட இல்லை. நீ மன்னிப்பின் தலையில் போடுகிற பழி சட்டமா அதிபர் திணைக்களத்துக் கதவில் போய் விழ வேண்டியது.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரைச் சுட்டவனை அவர் சிறைக்குள் போய்ப் பார்த்த படம் எங்கள் வீட்டு மண்டபத்தில் தொங்கினது, நினைவிருக்கும். சுட்டது 1981இல், போய்ப் பார்த்தது 1983 நத்தார் முடிந்த கையோடு. மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார், அவன் உள்ளேதான் இருந்தான். 2000ஆம் ஆண்டு வரைக்கும் இத்தாலிச் சிறையில் இருந்தான், பிறகு துருக்கியிலும் இருந்தான். எங்கள் கர்தினால் மல்கம் ரஞ்சித்தைப் பார். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்கு அடுத்த வருடம், குண்டு வைத்தவர்களை மன்னித்தோம் என்று பிரசங்கம் வைத்தார். அதே மனிசன் 2022இல் ஜெனீவாவுக்குப் போய், பின்னால் இருந்தவர்கள் யார், உண்மையைச் சொல்லுங்கள் என்று நின்றார். 2023இல் உயர் நீதிமன்றம் அந்தக் குண்டுகளைத் தடுக்காததற்கு முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபாலவை 10 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அன்று எங்கள் ஊரில் குண்டு வெடித்த சீயோன் கோயில் வாசலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு நாட்டின் தலைவனைப் பார்த்து, தெரிந்தும் நீ தடுக்கவில்லை என்று ஒரு நீதிமன்றம் சொன்னதை நான் என் வாழ்நாளில் கேட்டேன். எங்கள் நத்தார் இரவுக்கு அதுகூட இல்லை.

பாவசங்கீர்த்தனத்தில்கூட களவெடுத்தவனிடம் சாமானைத் திருப்பிக் கொடு என்றுதான் சுவாமியார் சொல்வார். இருபது செபம் சொல்லிவிட்டுச் சாமானை வைத்துக்கொள் என்று எந்தச் சுவாமியும் சொன்னதில்லை. உன்னுடைய மறைக்கல்விப் புத்தகத்தில் இருந்த விஷயம் இது.

தூக்கில் போட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அது வேண்டாம். இந்த நாட்டில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. மிச்சமிருக்கிற சில நல்ல விஷயங்களில் அது ஒன்று. உயிரோடு இருந்து வாய் திறக்கட்டும். எனக்கு அவர்களின் வாய்தான் வேண்டும்.

இனி நீ என்னோடு கதைக்காமல் இருக்கிற காரணத்துக்கு வருகிறேன். நீ சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

அந்த இரவு பொலிஸ் வந்து பூசைக்கு உதவின பையன்கள் யார் என்று கேட்டபோது, என் மகன் ஒன்றும் காணவில்லை என்றேன். 2015இல் வழக்கைத் திரும்ப எடுத்தபோது நீ அங்கிருந்து, "நான் சொல்லப்போறன் அம்மா" என்றாய். அப்பவும் வேண்டாம் என்றேன். ஐந்து பேரும் வெளியே வந்த அன்று நீ போனில் ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்தாய். அந்த மௌனம் இன்னும் முடியவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அன்று சொன்னது சரி, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். உனக்கு 11 வயது. கோயிலுக்குள் வந்து சுடத் துணிந்தவர்களுக்கு ஒழுங்கைக்குள் வந்து ஒரு சின்னப் பையனை ஏற்றிக்கொண்டு போக எவ்வளவு நேரம்? ஒரு படலை திறந்து கிடந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அப்படி இன்னொரு படலை என்னால் முடியாது.

நீ கண்டதுதான் என்ன? பீடத்துக்குப் பின்னால் குனிந்து கிடந்து ஒரு சப்பாத்துக் காலைக் கண்டாய். முகம் காணவில்லை, அன்று இரவு என் மடியில் கிடந்து நீ சொன்னது அதுதான். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தக் கால் உனக்குள் வளர்ந்து வளர்ந்து இப்போது முழு ஆளாக நிற்கிறது போல. ஒரு சப்பாத்துக் காலைக் கொண்டு எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதாது. அன்றைக்கு அந்தக் கோயிலில் நின்ற சனம் எவ்வளவு? பெரிய மனிசர், உத்தியோகத்தர், எல்லாரும் நின்றார்கள். வழக்கு உன்னால் விழுந்தது என்று நினைக்கிறாயே, பீடப்பையனின் தோளில் அவ்வளவு பெரிய பாரத்தை யார் ஏற்றினது? நான் ஏற்றவில்லை. ஆண்டவரும் ஏற்றவில்லை. நீயாகத் தூக்கி வைத்திருக்கிறாய், இறக்கி வை. சாட்சி சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இப்பவும் இருந்தால், உனக்கு இப்போது வயது வந்துவிட்டது, அங்கே நல்ல சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து முறையாக எழுதிக் கொடு. நான் மறிக்க மாட்டேன். முகநூலில் சொல்வதற்கு அது எவ்வளவோ மேல்.

வாகனம் மெதுவாக ஓட்டு. மருமகளிடம் கோபத்தைக் காட்டாதே, அவள் இதில் ஒன்றுக்கும் பொறுப்பில்லை. தங்கமான பிள்ளை, எங்களோடு வாரம் தவறாமல் கதைக்கிறாள். பெற்ற மகனைவிட அவள் மேல் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன், உன் காதுக்கு வரட்டும் என்றுதான்.

நேற்று அப்பாவோடு கோயில் அலுவலகத்துக்கு வேறு ஒரு வேலையாகப் போனோம். போன இடத்தில் உன் ஞானஸ்நானப் பத்திரத்தின் பிரதி ஒன்றையும் எடுத்தோம். இதோடு வைத்திருக்கிறேன். கனடாவில் எதற்காவது கேட்பார்கள் என்று அப்பாதான் சொன்னார். ஸ்காபரோவில் தமிழ்ப் பூசை வைக்கிற ஃபாதரின் நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது, அதுவும் அப்பா எழுதினது. வெள்ளைச் சட்டை அளவில்லை என்றால் சொல்லு, மடிப்பு விட்டுத்தான் தைத்திருக்கிறது.

அன்புடன்
அம்மா