விட்டுவிட்டு வரும் சென்சார் கோளாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டீசல் கார்களில் எரிபொருள் வெப்பநிலை சென்சார் விட்டுவிட்டுக் கோளாறு காட்டினால், எதையும் சோதிக்காமல் சென்சாரையே மாற்றிவிடும் வழக்கம் வருந்தத்தக்கது. காரின் கணினி பதிவு செய்யும் பி0184 (P0184) என்னும் கோளாறுக் குறியீடு மின்சுற்று இடையிடையே தடுமாறுவதைச் சொல்கிறதே தவிர, சென்சார் பழுது என்று தீர்ப்பளிப்பதில்லை. வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர் இது என்பதால், ஒயர் ஒரு கணம் தொடர்பு விட்டாலும் அது மிக அதிக மின்தடையாக, அதாவது கடுங்குளிராகத் தெரிந்து, காரின் கணினித் தகவலைக் காட்டும் ஸ்கேனரில் வெப்பநிலை அளவு மைனஸ் 40 டிகிரியை ஒட்டிச் சரிந்துவிடும். எந்த டீசலும் நொடியில் அவ்வளவு குளிராது. ஆகவே, இன்ஜினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஒயரையும் கனெக்டரையும் மெல்ல அசைத்தபடி அந்த எண்ணைக் கவனித்தால், கனெக்டருக்குள் பச்சை பூத்த உலோக ஊசியோ தளர்ந்த முனையோ அகப்படக்கூடும். அங்கே குறையில்லாதபோது மட்டும், சென்சாரைக் கழற்றி இளஞ்சூடாக்கி, மல்டிமீட்டரில் மின்தடை சீராக இறங்காமல் தாவுவதைக் கண்ட பிறகு அதை மாற்றலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்